மேல் பாக்கெட்

படகை மேடையோடு ஒட்டிக் கட்டியதும்
போஜன் வருவான். இடக்கையில் கேன்,
வலக்கையில் புனல், புனல்வாயில்
மடித்துப் போட்ட பழைய வேட்டித் துண்டு.
பைக்காராவில் காலை ஏழரைக்கு
பெட்ரோல் தண்ணீரைவிடக் குளிரும்.
பட்ட விரல் வெளுத்து
சற்று நேரம் வேறு யாருடையதோ போலிருக்கும்.

சீசனில் எனக்கு நாளுக்கு முந்நூறு, நானூறு சேரும்.
படகைச் சட்டென்று வளைத்து, நீரைத் தெறிக்கவிட்டு
ஆளுக்கொரு அலறல் வாங்கிக் கொடுத்தால்
இறங்கும்போது உள்ளங்கையில் ஒரு தாளை அழுத்துகிறார்கள்.
கேனோடு நிற்பவனைத்
தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போகிறார்கள்.

டிக்கெட் சன்னலுக்கு மேலே பலகை:
ஊழியர்களுக்கு அன்பளிப்பு தர வேண்.
மிச்ச எழுத்தைப் போன மழை உரித்துவிட்டது.
வேண்டுமா வேண்டாமா என்று
பலகை இன்னும் முடிவு செய்யவில்லை.

வேலைக்கு வந்த முதல் மாதம்
எல்லார் முன்னாலும் இருபது ரூபாயை நீட்டினேன்.
அவன் தன் கையைப் பார்த்தான்.
பெட்ரோல் சொட்டும் கை.
பிறகு மோவாயால் சட்டையின் மேல் பாக்கெட்டைக் காட்டினான்.
ஸ்வெட்டரை விலக்கி, பித்தானைக் கழற்றி
ஓர் ஆளின் நெஞ்சுக்கு அத்தனை பக்கத்தில்
விரலை விடக் கூச்சமாக இருந்தது எனக்கு.
உள்ளே ஒரு சீப்பு, இருமல் மிட்டாய்,
யாருடையதோ பாஸ்போர்ட் சைஸ் படம்.

அதற்குப்பின் கற்றது கொஞ்சம்.
ஊற்றி முடிக்கும்முன் கொடுக்கக் கூடாது,
லிட்டரை விலை பேசுவதுபோல் ஆகிவிடும்.
நாணயம் கூடாது, அவன் குனிந்தால் ஏரிக்குப் போகும்.
இந்த மேடைக்கு அடியில் நிறைய ஒற்றை ரூபாய் கிடக்கிறது.
"டீ குடிங்க" என்று சொல்லலாம்.
"வச்சுக்க" என்று சொல்லக் கூடாது.
எவ்வளவு என்பதுதான் பிடிபடவில்லை.
பத்தில் ஒன்று என்றான் அடுத்த படகு சாலமன்,
அவன் தேவாலயத்துக்கும் அதே கணக்குதான்.

மே மாதம், இரண்டாம் ஞாயிறு.
திருப்பூரிலிருந்து வந்த குடும்பம், எட்டுப் பேர்.
பெரியவர் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து
"ரெண்டு பேரும் எடுத்துக்குங்க" என்றார்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும்
போஜனுக்குக் கேட்டிருக்கும்.
தலையாட்டிவிட்டுப் பையில் போட்டேன்.
அடுத்த டிரிப், அதற்கடுத்த டிரிப்.
மூன்று மணிக்குள் அந்தத் தாள்
முழுசாக என்னுடையதாகிவிட்டிருந்தது.

மற்றவர்கள் ஊற்றியதும் கேனை எறிவார்கள்.
ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் தங்கும்.
சாயங்காலம் அந்த அரை டம்ளர்கள் சேர்ந்து
யாரோ ஒருவருடைய பைக்கில் கூடலூர் வரைக்கும் போகும்.
போஜன் கேனைத் தலைகீழாகப் பிடித்து
கடைசிச் சொட்டு விழும்வரை நிற்பான்.
அடியில் முட்டியால் இரண்டு தட்டு.
நோட்டில் ஐந்து லிட்டர் என்றால் டாங்கியில் ஐந்து.
அன்று மத்தியானமும் தட்டினான். இரண்டு முறை.
ஒரு தட்டோடு நிறுத்தியிருந்தால்
எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

ஆறு மணிக்கு ஏரி பனிக்குள் போய்விட்டது.
அக்கரைப் பைன் மரங்கள் இல்லை. அக்கரையே இல்லை.
குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக்
கை கழுவிக்கொண்டிருந்தான்.
இருநூறும் ஒரு ஐம்பதும் நீட்டினேன்.
காலையில் வந்த பணம் என்றேன்.
தெரியும் என்பதுபோல் ஒன்றும் அவன் சொல்லவில்லை.
கையைத் துண்டில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.
பளிச்சென்று காய்ந்த கை.
அதை உயர்த்தாமலே
மோவாயால் மேல் பாக்கெட்டைக் காட்டினான்.

சீப்பை ஒதுக்கி உள்ளே வைத்தேன்.
பித்தானையும் நானே போட வேண்டியிருந்தது.
குளிரில் விரல் பிடி கொடுக்கவில்லை,
துளை நழுவி நழுவிப் போயிற்று.
கடைசி பஸ் மேலே ஹாரன் அடித்தது.
அவன் அவசரப்படவே இல்லை.